திருக்கை மீனும் எதிர்க்காற்றும்

ஒரு மோட்டார் காரின் படத்தைப் பார்த்தவுடனேயே, “ஆகா, காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் வடிவம்!” என்று சொல்லிவிடுகிறோம். படத்தில் கார் தெரிகிறது, காற்று தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத காற்றைப் பற்றி இவ்வளவு துணிவாகத் தீர்ப்புச் சொல்ல நமக்கு என்ன ஆதாரம்? கூரிய மூக்கு, தாழ்ந்த கூரை, சரிந்து இறங்கும் முதுகு ஆகிய மூன்றும் வேகத்தை நினைவூட்டுகின்றன. நினைவூட்டுவது ஓவியனின் வேலை. நிகழ்த்துவது பொறியியலாரின் வேலை. இரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்கும் பழக்கம் நம் மாணவர்களிடம் நிறைய உண்டு. அமெரிக்காவின் ‘கார்வெட்’ என்னும் ஸ்போர்ட்ஸ் காரை, அதிலும் 1963-இல் வந்த ‘ஸ்டிங் ரே’ வகையை, இங்கே எடுத்துக்கொண்டு ஆராய்வது அதனால்தான். அதை உலகமே அழகு என்கிறது. நானும் மறுக்கவில்லை. ஆனால் எந்த இடத்தில் அது சிறந்த படைப்பு என்று கேட்டால், பெரும்பாலோர் காட்டும் இடத்தை நான் காட்டமாட்டேன்.

கதையைப் பத்தாண்டுகள் முன்னதாகத் தொடங்க வேண்டும்.

கண்ணாடி இழையில் ஓர் உடல்

1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஒரு கண்காட்சி நடத்தியது. அதில் மேடையேறிய வெள்ளை நிற இரண்டிருக்கைக் கார்தான் முதல் கார்வெட். அந்நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் என்பவரின் எண்ணத்தில் பிறந்தது. சிறு போர்க்கப்பல் ஒன்றின் வகைப்பெயரைத் தாங்கியது. அதே ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் உற்பத்தி தொடங்கிற்று. அவ்வாண்டு செய்யப்பட்டவை 300 கார்கள் மட்டுமே. அத்தனையும் வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு.

அதன் உடல் எஃகுத் தகட்டால் ஆனதன்று. கண்ணாடி இழைகளைப் பிசினில் தோய்த்து அச்சில் பரப்பி இறுகவைத்துச் செய்தது. ஏன் இந்தப் புதுமை? எஃகுத் தகட்டை அழுத்தி வளைக்கும் அச்சுகளைச் செய்யப் பெரும் பணம் வேண்டும். இலட்சக்கணக்கில் விற்கும் காருக்கு அது கட்டுப்படியாகும். சில நூறோ சில ஆயிரமோ விற்கும் காருக்குக் கட்டுப்படியாகாது. கண்ணாடி இழைக்கு எளிய அச்சே போதும். ஆகவே சிக்கனம் கருதி வந்த பொருள் இது. விளம்பரங்கள் அதை எதிர்காலத்தின் பொருள் என்று புகழ்ந்தது வேறு கதை.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தகடு வளையாமல் நிற்கும் விறைப்பு, அப்பொருளின் யங் குணகத்தையும் தகட்டின் தடிப்பின் மும்மடியையும் பொறுத்தது. எஃகின் யங் குணகம் ஏறத்தாழ 200. தாறுமாறாகப் பரப்பிய கண்ணாடி இழைக் கலவைக்கு அதே அலகில் 10 என்று கொள்ளுங்கள். இருபதில் ஒரு பங்கு! தோற்றுப்போகும் என்றுதானே தோன்றுகிறது? 0.9 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டுக்குப் பதில் 2.5 மில்லிமீட்டர் இழைத் தகட்டை வையுங்கள். தடிப்பு மும்மடியாவதால் விறைப்பு ஏறக்குறையச் சமமாகிவிடும். எடையோ, எஃகின் அடர்த்தி 7.8, இழைக் கலவையினது 1.6 என்று கொண்டால், எஃகின் எடையில் பாதியைவிடச் சற்றே அதிகம். மெலிந்த பொருளைத் தடிப்பாக்கி வலிய பொருளுக்கு ஈடுகட்டும் இந்த உத்தியை மனத்தில் வைத்திருங்கள். பின்னால் இதே பொருள் வேறொரு வேடத்தில் வரும்.

இன்னொரு விந்தையும் உண்டு. பாரடேயின் கூண்டைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். உலோக உடல் கொண்ட காரில், என்ஜினின் பொறிச்செருகிகளில் தெறிக்கும் மின்பொறி எழுப்பும் வானொலி இரைச்சலை உலோகமே பெரும்பாலும் தடுத்துவிடும். கண்ணாடி இழை மின்கடத்தி அன்று, தடுக்காது. ஆகையால் கார்வெட்டில் மின்பொறி உண்டாக்கும் உறுப்புகளுக்கென்றே தனியே உலோக மூடிகள் போட வேண்டியதாயிற்று. ஆனால் அதே குணத்தை நன்மையாகவும் திருப்பிக்கொண்டார்கள். முதல் கார்களில் வானொலியின் ஏரியல் வெளியே கம்பியாக நீட்டிக்கொண்டிருக்கவில்லை. பின்பெட்டி மூடியின் இழைப் பரப்புக்குள்ளேயே உலோக வலையாகப் பதிக்கப்பட்டிருந்தது. எஃகுக் காரில் இது நடவாத காரியம்.

இவ்வளவு புதுமையான உடலுக்குள் வைத்த என்ஜினோ சாதாரணக் குடும்பக் காருடையது. ஆறு சிலிண்டர், திருத்தி மேம்படுத்தி 150 குதிரைத் திறன் ஆக்கியிருந்தார்கள். கியர், இரண்டே நிலைகள் கொண்ட தானியங்கி. கதவுக்கு வெளியே கைப்பிடி இல்லை. பக்கச் சன்னல்களுக்குக் கண்ணாடி இல்லை. 1954-இல் 3,640 கார்கள் செய்தார்கள். ஆண்டு முடிவில் அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று விற்காமல் கிடந்தது. மேடையில் கைதட்டியவர்கள் கடைக்கு வரவில்லை. 1955-இல் எழுநூறோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நியூயார்க் கண்காட்சிக்கு வந்தவர்களில் சோரா ஆர்கஸ் டண்டோவ் என்றொரு பொறியியலார் இருந்தார். பிரஸ்ஸல்ஸில் 1909-இல் ரஷ்யப் பெற்றோருக்குப் பிறந்து, பெர்லினில் படித்தவர். காரின் வெளித்தோற்றம் அவரைக் கவர்ந்தது. உள்ளே இருந்தது ஏமாற்றியது. நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். 1953 மே மாதத்தில் அங்கேயே வேலைக்கும் சேர்ந்தார். 1955-இல் எட்டுச் சிலிண்டர் வி-8 என்ஜின் வந்து காரைப் பிழைக்கவைத்தது. அதன்பின் இருபதாண்டுகள் கார்வெட்டின் பொறியியல் என்றால் டண்டோவ் என்றாயிற்று. வடிவமைப்பு ஏர்லுக்குப் பின் வந்த பில் மிட்செலின் கையில். இவ்விருவருக்கும் இடையே நடந்த இழுபறிதான் நம் கட்டுரையின் பொருள்.

மூக்கைத் தூக்கிய காற்று

மிட்செலுக்கு மீன்கள் மீது மோகம். சுறாவைப் பிடித்துப் பார்த்து, அதன் நிற மாற்றத்தையே ஒரு மாதிரிக் காருக்குப் பூசச் சொன்னவர். 1959-இல் அவர் தம் சொந்தச் செலவில் ஒரு பந்தயக் காரை உருவாக்கினார். நிறுவனம் அப்போது பந்தயத்திலிருந்து விலகியிருந்ததால் அதன் பெயர் காரில் இல்லை. லாரி ஷினோடா என்ற இளம் வடிவமைப்பாளர் வரைந்த அந்தக் காருக்கு ‘ஸ்டிங்ரே’ என்று பெயர். நம்மூர்க் கடற்கரைக்காரர்கள் திருக்கை என்பார்களே, அந்த மீன். வாஷிங்டனைச் சேர்ந்த பல் மருத்துவர் டிக் தாம்ப்சன் இதை ஓட்டி 1960-இல் தன் பிரிவில் சாம்பியன் பட்டமும் வாங்கினார்.

ஆனால் வேகம் கூடக்கூட அந்தக் காரின் மூக்கு மேலே எழ முற்பட்டது. அதன் வடிவத்தைப் பாருங்கள்: காரைச் சுற்றிலும் ஒரு கத்தி விளிம்பு, அதற்கு மேலே மெல்ல வளைந்த முதுகு, கீழே தரையோடு ஓர் இடைவெளி. இது விமான இறக்கையின் குறுக்குவெட்டுக்கு எவ்வளவு நெருக்கம்!

இறக்கை ஏன் தூக்குகிறது என்பதற்கு ஒரு விளக்கம் பல புத்தகங்களில் இருக்கிறது. மேலே போகும் காற்றுக்கு வழி நீளம், ஆகவே கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் பின்முனையை அடைய அது விரைகிறது என்று. மாணவர்களே, அதை நம்பாதீர்கள். இரு காற்றுத் துளிகளும் பின்முனையில் சந்திப்பதாக ஒப்பந்தம் ஒன்றும் செய்துகொள்ளவில்லை. உண்மையில் அவை சந்திப்பதுமில்லை. சரியான காரணம் நீங்கள் அறிந்த மையநோக்கு விசைதான். காரின் வளைந்த முதுகை ஒட்டிக் காற்று வளைந்து செல்ல வேண்டுமானால், அதை உள்நோக்கித் தள்ளும் விசை வேண்டும். அந்த விசையைத் தருவது அழுத்த வேறுபாடு: வெளியே வளிமண்டல அழுத்தம், பரப்பின் அருகே அதைவிடக் குறைவு. இப்படி மேலே அழுத்தம் குறைகிறது. கீழேயோ, தாழ்ந்த மூக்கின் அடியில் நுழையும் காற்று நெருக்குண்டு அழுத்தம் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து மூக்கைத் தூக்குகின்றன.

எவ்வளவு தூக்கும்? அளந்த எண்ணைத் தராமல், அளவின் தன்மை விளங்க ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். காரின் முன்பரப்பு 1.8 சதுர மீட்டர், முன்சக்கரங்களின் மேல் விழும் தூக்குக் கெழு 0.2 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் தூக்கு விசை 240 நியூட்டன். அதாவது சுமார் 24 கிலோகிராம் எடைக்குச் சமம். இதனால் ஒன்றும் கெட்டுவிடாது. 240 கி.மீ. வேகத்தில்? வேகம் இருமடங்கு, விசை நான்மடங்கு, 98 கிலோ. சுமார் 1,400 கிலோ எடையுள்ள காரில் முன்சக்கரங்கள் தாங்குவது 660 கிலோ என்றால், அதில் ஏழில் ஒரு பங்கு காணாமற்போகிறது. டயரின் பிடிப்பு அது தரையை அழுத்தும் விசையைப் பொறுத்தது. பிடிப்பு குறைந்தால் ஸ்டீயரிங் இலேசாகிவிடும். வளைவில் சக்கரத்தைத் திருப்புவார் ஓட்டுநர். கார் சற்று யோசித்துவிட்டுத் திரும்பும். அந்த வேகத்தில் யோசிக்க நேரம் இல்லை.

திருக்கை மீனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. மேலும் கீழும் நீர் சூழ அது நீந்துகிறது. சற்று மேலே எழுந்தால் செதிலை அசைத்துக் கீழே வந்துவிடும். காருக்கோ தரைதான் உயிர். மீனின் உருவத்தைத் தரையில் ஓடும் பொருளுக்கு எடுத்துக்கொண்டபோது தரை என்னும் ஒன்றையே கணக்கில் விட்டுவிட்டார்கள். இயற்கையைப் பார்த்துச் செய்தோம் என்று சொல்லும் எந்த வடிவமைப்பையும் இந்தக் கேள்வி கேட்டே ஏற்க வேண்டும்: அந்த உயிர் எந்தச் சூழலில் வாழ்கிறது, இந்தப் பொருள் எந்தச் சூழலில் இயங்குகிறது?

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். காரைக் கீழ்நோக்கி அழுத்தும் கலை 1960-இல் இன்னும் பிறந்து கொண்டிருந்தது. டெக்சஸின் ஜிம் ஹால் தம் ‘சப்பரல்’ பந்தயக் காரின் மேல் உயரத் தூண்களில் தலைகீழ் இறக்கை ஒன்றை நிறுத்தியது 1966-இல்தான். அந்த முயற்சிக்குப் பின்னால் ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவ்ரலே பிரிவுப் பொறியியலாரின் துணை இருந்தது. அப்படியிருக்க 1963-இன் வடிவமைப்பாளரை அறியாமைக்காகக் குறை கூறுவது முறையாகாது. ஆனால் பந்தயக் காரின் மூக்கு எழுந்ததை அவர்கள் பார்த்திருந்தார்கள்; ஏறக்குறைய அதே வடிவத்தைத்தான் நான்காண்டுகள் கழித்துக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். குறை அங்கேதான்.

1963-ஆம் ஆண்டுக் கூரைக் காரில் இன்னொரு பிடிவாதமும் உண்டு. முதுகின் நடுவே ஓடும் ஒரு தண்டு பின்கண்ணாடியை இரண்டாகப் பிளந்தது. மிட்செலுக்கு அது மீனின் முதுகெலும்பு. டண்டோவுக்கு அது ஓட்டுநரின் கண்ணில் விழுந்த துரும்பு. பின்னால் வரும் வண்டியைப் பார்க்கும் கண்ணாடியின் நடுவே ஒரு கம்பத்தை நட்டால் வேறென்ன சொல்வார்? முதலில் மிட்செல் வென்றார். அடுத்த ஆண்டே, 1964-இல், தண்டு போய் ஒரே கண்ணாடி வந்தது. என்ஜின் மூடியின் மேல் காற்றுத் துளை போலப் பொய்யாக ஒட்டியிருந்த இரு அலங்காரங்களும் அதே ஆண்டில் போயின. இன்று பழங்கார் சேகரிப்போர் அதிக விலை கொடுத்துத் தேடுவது எதை என்கிறீர்கள்? அந்த ஓராண்டுப் பிளந்த கண்ணாடியைத்தான். பின்னால் பார்க்கவிடாத கண்ணாடிக்குக் கூடுதல் விலை!

படத்தில் விழாத பகுதி

இப்போது காரின் அடியில் குனிந்து பாருங்கள். 1962 வரை கார்வெட்டின் பின்புறம் ஒரு பழைய லாரியைப் போன்றது. இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே கெட்டி அச்சு; நடுவில் கனமான டிபரன்ஷியல் பெட்டி; அத்தனையையும் தாங்க, எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய வில் இரண்டு. ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மற்றதும் சாயும். அதைவிட முக்கியம் நிலைமம். வில்லுக்குக் கீழே தொங்கும் நிறை எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு அது மேட்டில் ஏறியபின் இறங்க மறுக்கும். ஒரு மேட்டைத் தாண்டிய சக்கரம் கனமாயிருந்தால் சில கணம் காற்றில் மிதக்கும். மிதக்கும் சக்கரம் உந்தவும் செய்யாது, நிறுத்தவும் செய்யாது.

டண்டோவ் 1963 காரில் இதை மாற்றியமைத்தார். டிபரன்ஷியல் பெட்டியைக் காரின் சட்டத்தோடு பொருத்திவிட்டார். அதன் எடை இனிச் சக்கரத்தின் தலையில் இல்லை. அங்கிருந்து இரு பக்கமும் போகும் அச்சுத் தண்டுகள் திறனைக் கடத்துவதோடு சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் மேற்கரமாகவும் வேலை செய்தன. ஒரே தண்டுக்கு இரண்டு வேலை! வில்லுக்கு இடம் வேண்டுமே? ஒன்பது பட்டைகள் கொண்ட ஒரே வில்லைக் குறுக்காக, பெட்டியின் அடியில் நடுவில் இறுக்கி, இரு முனைகளாலும் இரு சக்கரங்களைத் தாங்கவைத்தார். மாட்டு வண்டிக் காலத்துப் பட்டை வில் என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த இடத்தில், அந்தச் செலவில், இதைவிடப் பொருத்தமாக ஒன்றைச் செருக முடியாது. இரு அச்சுகளுக்கும் இடையிலான நீளம் 102 அங்குலத்திலிருந்து 98 ஆகக் குறைந்தது. ஆட்களையும் என்ஜினையும் பின்னே தள்ளி வைத்ததால் எடையில் பாதிக்கு மேல், 53 விழுக்காடு, பின்சக்கரங்களுக்குப் போயிற்று. உந்தும் சக்கரம் பின்சக்கரம். எடை அங்கே இருந்தால் பிடிப்பும் அங்கே. இந்தக் காரின் உண்மையான வேகம் இந்த அடிப்பகுதியில் இருந்தது. இதைப் படம் பிடித்துச் சுவரில் மாட்டியவர் யாரும் உண்டா என்று தெரியவில்லை!

அவ்வாண்டு 21,513 கார்கள் செய்யப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டு 14,531. வாங்கியவர்கள் எதற்காக வாங்கினார்களோ, ஓட்டியபோது அனுபவித்தது டண்டோவின் வேலையை.

அடிப்பகுதியிலும் ஒரு பெருங்குறை இருந்தது: பிரேக். 360 குதிரைத் திறன் வரை கிடைத்த காருக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்குகள்தாம். ஓட்டுநரோடு 1,500 கிலோ கொண்ட கார் மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் பெற்றிருக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 15 இலட்சம் ஜூல். 30 பாகை வெப்பத்தில் இருக்கும் 5 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். ஒரே ஒரு நிறுத்தத்தில் இவ்வளவு வெப்பமும் மூடிய டிரம்முக்குள் இறங்கினால், அடுத்தடுத்த நிறுத்தங்களில் பிரேக் தளர்வதில் வியப்பில்லை. காற்றுப் படும்படி திறந்திருக்கும் டிஸ்க் பிரேக்குகள் நான்கு சக்கரத்துக்கும் 1965-இல் வந்தன. இரண்டாண்டு தாமதம்.

குதிரைத் திறன் என்று சொன்னேன். அதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். அக்காலத்தில் என்ஜினைத் தனியே மேடையில் வைத்து, காரில் அது சுமக்க வேண்டிய உபகரணங்களின் இழப்பில்லாமல் அளந்தார்கள். பின்னர் காரில் இருக்கிறபடியே அளக்கும் முறை வந்தது. 1971-இல் 270 என்று எழுதப்பட்ட அடிப்படை என்ஜின் 1972-இல் 200 ஆயிற்று. என்ஜின் ஒரே இரவில் இளைத்துப்போகவில்லை; அளவுகோல் நேர்மையாயிற்று.

தோல் எலும்பான கதை

1968-இல் வடிவம் மீண்டும் மாறிற்று, இம்முறை சுறா. வளைவுகள் பெருத்தன, இடுப்பு சிறுத்தது. அதன் வருகை ஓராண்டு தள்ளிப்போனதற்கு டண்டோவின் ஆட்சேபங்களும் காரணம். அடியிலிருந்த சட்டமும் சஸ்பென்ஷனும் பெரும்பாலும் 1963-இல் அவர் அமைத்தவையே. அந்த உடல் 1982 வரை ஓடியது. அதைப் பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் அதன் கடைசிக் காலத்தில், 1981-இல், யாரும் கவனிக்காத ஒரு மாற்றம் நடந்தது. தானியங்கிக் கியர் கொண்ட கார்களில், அடியில் இருந்த எஃகு வில்லை எடுத்துவிட்டு, கண்ணாடி இழையால் ஆன ஒற்றைப் பட்டையை வைத்தார்கள். சுமார் 20 கிலோ இருந்த இடத்தில் 4 கிலோகூட இல்லை. 1953-இல் தோலாக இருந்த பொருள் இப்போது எலும்பாகிவிட்டது.

முன்பு போட்ட கணக்கை நினைவுகூருங்கள். தகட்டுக்குக் குறைந்த யங் குணகம் ஒரு குறை; தடிப்பைக் கூட்டி ஈடுகட்ட வேண்டியிருந்தது. வில்லின் வேலை வேறு. அது விறைத்து நிற்க வேண்டியதில்லை; வளைந்து ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தர வேண்டும். ஒரு கிலோகிராம் பொருள் சேமிக்கக்கூடிய ஆற்றல், அது தாங்கும் தகைவின் இருமடிக்கு நேர்விகிதத்திலும், அடர்த்திக்கும் யங் குணகத்துக்கும் தலைகீழ் விகிதத்திலும் இருக்கும். இழைகளை ஒரே திசையில் நீளமாக அடுக்கினால் வலிமை நல்ல எஃகுக்கு ஈடாகிறது. யங் குணகமோ எஃகினதில் ஐந்தில் ஒன்று, அடர்த்தி நான்கில் ஒன்று. தகட்டுக்குக் குற்றமாயிருந்த மென்மை வில்லுக்குக் குணமாகிவிட்டது! கார்வெட்டின் எழுபதாண்டு வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் எது என்று கேட்டால் தயங்காமல் இதையே சொல்வேன். மீனும் சுறாவும் இதன் அருகில் நிற்க முடியாது.

1984-ஆம் ஆண்டு மாதிரியில் முன்புறத்துக்கும் இழை வில் வந்தது. அந்தக் காரின் வடிவம் காற்றுச் சுரங்கத்தில் சோதித்துச் சோதித்துச் செதுக்கியது. தடைக் கெழு 0.34. மீனைப் போலவும் இல்லை, பறவையைப் போலவும் இல்லை. தட்டையான, சற்றுச் சலிப்பூட்டும் கார் என்று பலர் குறை கூறினார்கள். அவர்கள் குறை கூறியதைக் காற்று கேட்டுக்கொள்ளவில்லை.

டண்டோவுக்கு ஓர் ஆசை நிறைவேறாமல் இருந்தது. என்ஜினை ஓட்டுநருக்கு முன்னால் வைக்காமல், அவருக்குப் பின்னால், பின் அச்சுக்குச் சற்று முன்னே வைக்க வேண்டும். அப்போதுதான் உந்தும் சக்கரங்களின் மேல் போதிய எடை விழும். 1960 முதலே அப்படி ஆய்வுக் கார்கள் செய்து காட்டினார். நிறுவனம் இணங்கவில்லை. 1975-இல் ஓய்வு பெற்றார், 1996-இல் மறைந்தார். என்ஜின் இடம் மாறிய கார்வெட் வெளிவந்தது 2020-ஆம் ஆண்டு மாதிரியாக. அதில் குறுக்கு வில்லுக்கு இடமில்லை. சுருள் வில்கள் வந்துவிட்டன.

அந்தக் காரின் பின்புறம் ஒரு பெரிய கண்ணாடி இருக்கிறது. அதன் வழியே தெருவில் நிற்பவர்கள் குனிந்து என்ஜினைப் பார்க்கிறார்கள். உள்ளே இருக்கும் ஓட்டுநருக்கு அதன் வழியே பின்னால் சரியாகத் தெரிவதில்லை. ஆகவே காமிராவும் திரையும் கொண்ட கண்ணாடி ஒன்றையும் விற்கிறார்கள்.